உள்ளூர்ச் சமூக வலைச் சேவை

உள்ளூர்ச் சமூக வலைச் சேவை என்பது ஓர் ஊர், பள்ளி, சங்கம் அல்லது ஆர்வலர் குழு தன் உறுப்பினர்களுக்காகத் தானே வழங்கி அமைத்து நடத்தும் சிறிய சமூக வலைத்தளம் ஆகும். முகநூல், டுவிட்டர் (2023 முதல் எக்ஸ்) போன்ற பெருஞ்சேவைகளில் பயனரின் எழுத்தும் படமும் வணிக நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும். உள்ளூர்ச் சேவையில் அவை அக்குழுவினர் பேணும் கணினியில் இருக்கும். இதற்கான மென்பொருள்களுள் பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருள்கள். கட்டணமின்றிப் பெற்று நிறுவலாம். சேவையை அமைப்பது சில நாள் வேலை. அதை ஆண்டுக்கணக்கில் நடத்துவதற்குத்தான் ஆட்களும் ஒழுங்கும் பணமும் தேவைப்படுகின்றன.

பெயரும் பொருளும்

'உள்ளூர்' என்னும் சொல் கணினித் துறையில் மூன்று பொருள்களில் வழங்குகிறது.

- ஒருவர் தம் கணினியிலேயே சேவையை நிறுவிச் சோதித்தல். இங்கு 127.0.0.1 என்னும் தன்முகவரி பயன்படும். வேறு எவராலும் அதை அணுக இயலாது.
- ஒரு கட்டடம் அல்லது ஊரின் உட்பிணையத்தில் மட்டும் இயங்குதல். 192.168 எனத் தொடங்கும் தனியார் முகவரிகள் இதற்குரியவை. வெளி இணையம் இன்றியும் இது இயங்கும்.
- ஊராருக்காக ஊராரே நடத்தும், ஆனால் இணையத்தில் எங்கிருந்தும் அணுகத்தக்க சேவை.

இக்கட்டுரை மூன்றையும் படிநிலைகளாகக் கொள்கிறது. முதலாவது பயிற்சிக்கு உரியது. மூன்றாவது அன்றாடப் பயனுக்கு உரியது. இரண்டாவது இடர்க்காலத்தில் உதவுவது.

வரலாறு

2008 இல் கனடாவில் தொடங்கப்பட்ட ஐடென்டி.கா, அதன் மென்பொருளை எவரும் நிறுவிக்கொள்ளும் வகையில் வெளியிட்டது. 2010 இல் நியூயார்க்குப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் டயாஸ்போரா திட்டத்தைத் தொடங்கினர். 2016 இல் செருமனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ மாஸ்டடான் மென்பொருளை வெளியிட்டார். தனித்தனி வழங்கிகள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்கான ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சனவரி 23 அன்று பரிந்துரையாக ஏற்றது. மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் பயனர் வேறொரு நிறுவனத்தின் பயனருக்கு எழுதுவது போல, இந்நெறிமுறையைப் பின்பற்றும் எந்தச் சேவையின் பயனரும் பிற சேவையினரைப் பின்தொடரலாம்.

இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் போடரி.காம் என்னும் டயாஸ்போரா நிலையத்தை நன்கொடையைக் கொண்டு நடத்தினர். 2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் நிறுத்தியதைத் தொடர்ந்து இந்தியப் பயனர் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினர். 2022 அக்டோபரில் டுவிட்டர் கைமாறிய பின்னர் உலக அளவில் இதைவிடப் பெரிய இடப்பெயர்வு நிகழ்ந்தது.

பெருஞ்சேவைகளும் நிலையானவை அல்ல. இந்தியாவில் பெருவழக்காக இருந்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. மரத்தடி, அகத்தியர் முதலிய தமிழ்க் குழுக்கள் இயங்கிய யாகூ குழுமங்கள் 2020 திசம்பர் 15 அன்று மூடப்பட்டன. படி எடுத்து வைத்திருந்தோரிடம் மட்டுமே அங்கு எழுதப்பட்டவை எஞ்சின.

முன்னோடி: புதுச்சேரி அறிவு மையங்கள்

சமூக வலைத்தளங்கள் தோன்றும் முன்பே, ஊராரே நடத்தும் மின்னணுத் தகவல் சேவை தமிழ்க் கடற்கரையில் இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியுடன் 1998 இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவமாக இருந்தது. சுற்றியுள்ள ஊர்களின் மையங்கள் வானொலி அலைக் கருவிகளாலும் தொலைபேசியாலும் அதனுடன் இணைக்கப்பட்டன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்கலங்களும் பயன்பட்டன.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையுயர முன்னறிவிப்பு முதன்மைத் தேவையாக இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே கரையில் அறிவித்தனர். 'நம்ம ஊரு செய்தி' என்னும் இதழும் வெளியிடப்பட்டது. இடமும் தன்னார்வலரும் ஊரார் தர வேண்டும், சாதி வேறுபாடின்றி அனைவருக்கும் மையம் திறந்திருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். தன்னார்வலர்களுள் பெண்கள் மிகுதி.

2004 திசம்பர் 26 அன்று நல்லவாடு என்னும் மீனவ ஊருக்கு, வெளிநாட்டிலிருந்த அவ்வூரினர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரிக்கை செய்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே அது அறிவிக்கப்பட, மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். அன்று பயன்பட்டது உயர்ந்த தொழில்நுட்பம் அன்று. ஊரார் அறிந்த இடத்தில், ஊரார் நம்பும் ஒரு கருவி இயங்கும் நிலையில் இருந்தது.

தூத்துக்குடிக் கரையோரமும் தேவையும்

பெரியதாழை, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் மணப்பாட்டுக்குத் தென்மேற்கே அமைந்த மீனவ ஊர். முத்துக்குளித்துறை என வரலாற்றில் பெயர் பெற்ற கரையின் தொடர்ச்சியில் இது உள்ளது. இத்தகைய ஊர்களில் காற்று, நீரோட்டம், மீன்வரத்து, விலை, கரை திரும்பாத படகு ஆகியவை பற்றிய செய்தி உடனே பரவ வேண்டியது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீன்வளம் மிகுந்த பகுதி பற்றிய அறிவுரைகளையும் கடல்நிலை முன்னறிவிப்பையும் வெளியிடுகிறது. அவை கடலுக்குச் செல்வோர் கைக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வது வேறு செய்தி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்ட, கேரள மீனவர் பலர் எச்சரிக்கை எட்டாத தொலைவில் கடலில் இருந்தனர்.

தொடர்பு அறுவதும் இக்கரைக்குப் புதிதன்று. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் பேரணியின்போது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டை அடுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாட்கள் இணையச் சேவையை நிறுத்த அரசு மே 23 அன்று ஆணையிட்டது. 2023 திசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் பல ஊர்களில் துண்டிக்கப்பட்டன. ஊருக்குள் செய்தி பரவுவதற்குத் தொலைவிலுள்ள வழங்கியை நம்பியிருக்கும் ஏற்பாடு இவ்விரு நிலைகளிலும் பயன்படாது.

உறுப்புகள்

உள்ளூர்ச் சேவை ஒன்றின் பகுதிகள் வருமாறு:

- வழங்கி: இடைவிடாது இயங்கும் கணினி. வாடகைக்கு எடுத்த தொலைதூரக் கணினியாகவோ ஊரிலேயே உள்ள பெட்டியாகவோ இருக்கலாம்.
- இயக்குதளம்: பெரும்பாலும் டெபியன் போன்ற லினக்சு வழங்கல்.
- சமூக வலை மென்பொருள்: மாஸ்டடான், பிளெரோமா, கோடுசோசியல் முதலியன.
- தரவுத்தளம்: இடுகைகளையும் கணக்குகளையும் காக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் அல்லது எளிய எஸ்கியூலைட்.
- வலை வழங்கி மென்பொருள்: உலாவியின் கோரிக்கையை ஏற்று உரிய நிரலுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் போன்றது.
- ஆள்களப் பெயரும் பாதுகாப்புச் சான்றிதழும்.

மாஸ்டடான் வசதிகள் மிக்கது. ஆனால் பல துணை நிரல்களை வேண்டுவது. சிறு சேவைக்கும் 4 கிகாபைட்டு நினைவகம் இருப்பது நன்று. கோடுசோசியல் ஒரே நிரற்கோப்பாக, எஸ்கியூலைட்டுடன் ஏறத்தாழ 1 கிகாபைட்டு நினைவகமுள்ள ராசுபெரி பை வகைச் சிறுகணினியிலும் இயங்கவல்லது. அதற்குத் தனி வலைமுகப்பு இல்லை. பயனர் அலைபேசிச் செயலி அல்லது வேறொரு முகப்பு மென்பொருள் வழியே அணுகுவர்.

சேமிப்பளவைக் கணக்கிட ஓர் எடுத்துக்காட்டு: 200 பயனர் ஒவ்வொருவரும் மாதம் 30 இடுகைகள் எழுதினால் 6,000 இடுகைகள். ஒருங்குறியின் யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு இடம் கொள்ளும். எனவே 300 குறிகள் கொண்ட இடுகை 900 பைட்டு. மாத எழுத்து முழுவதும் 6 மெகாபைட்டுக்கும் குறைவு. அதே பயனர் மாதம் 10 படங்கள், படம் ஒன்றுக்கு 300 கிலோபைட்டு வீதம் இட்டால் 600 மெகாபைட்டு ஆகும். எனவே சேமிப்பகத்தை நிரப்புவது எழுத்தன்று, படமே. பிற வழங்கிகளிலிருந்து வந்து தேங்கும் படங்கள் இதனினும் மிகும். அவற்றைக் குறித்த நாட்களுக்கு ஒருமுறை நீக்கும் கட்டளையை அமைத்துவிட வேண்டும்.

அமைக்கும் முறை

1. சோதனை. மென்பொருளைச் சொந்தக் கணினியில் நிறுவி, கணக்குத் தொடங்குதல், இடுகையிடல், நீக்கல், மீட்டல் ஆகியவற்றைப் பழக வேண்டும்.

2. பெயர் தேர்வு. ஆள்களப் பெயர் ஒவ்வொரு பயனரின் முகவரியிலும் இடம்பெறும். கூட்டுச் சேவையில் அதைப் பின்னர் மாற்றினால் பிற வழங்கிகளுடன் இருந்த பிணைப்புகள் அறும். ஆகவே இது மீளா முடிவு. பெயரைத் தனியொருவர் பெயரில் அல்லாது சங்கத்தின் பெயரில் பதிந்து, புதுப்பிக்கும் நாளை இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

3. இடம். வீட்டு இணைப்புகளிலும் அலைபேசி இணைப்புகளிலும் பலருக்கு ஒரே பொது முகவரி பகிரப்படுவதால், வெளியிலிருந்து வழங்கியை நேரடியாக அணுக இயலாமற் போகலாம். நிலையான முகவரியை இணைப்பு நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். அல்லது வாடகை வழங்கியை வாயிலாகக் கொள்ளலாம்.

4. நிறுவல். சேவையைத் தனிப் பயனர் கணக்கில் இயக்க வேண்டும். முழு அதிகாரமுள்ள கணக்கில் இயக்கலாகாது. தீச்சுவரில் தேவையான வாயில்களை மட்டும் திறக்க வேண்டும். வலைக்குரியவை 80, 443 ஆகிய எண்கள்.

5. சான்றிதழ். 2015 திசம்பரில் பொதுப்பயன்பாட்டுக்கு வந்த லெட்சு என்கிரிப்டு அமைப்பு கட்டணமின்றிச் சான்றிதழ் தருகிறது. அது குறுகிய காலத்துக்கே செல்லும். தானே புதுப்பிக்கும் நிரலை அமைத்து, அது வேலை செய்வதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. பதிவு நெறி. எவரும் உடனே சேரும் திறந்த பதிவைத் தவிர்த்து, விண்ணப்பத்தை ஒருவர் பார்த்து ஏற்கும் முறையை வைப்பது சிறு சேவைக்கு ஏற்றது. 2024 பிப்ரவரியில், கவனிப்பாரின்றித் திறந்து கிடந்த சிறு வழங்கிகளில் போலிக் கணக்குகள் தொடங்கப்பட்டு, அவற்றிலிருந்து பிற சேவைகளுக்கு எரிதங்கள் குவிக்கப்பட்டன.

7. மீட்பு ஒத்திகை. முதற் பயனரைச் சேர்க்கும் முன்பே காப்புநகலிலிருந்து சேவையை வேறொரு கணினியில் முழுமையாக எழுப்பிப் பார்த்தல் வேண்டும்.

தமிழில் இயங்குதல்

இடைமுகத் தமிழாக்கத்துடன் தேடலும் கவனிக்கத்தக்கது. கடலில், கடலுக்கு, கடலின் எனத் தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்று உருமாறுவதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் பலவற்றைத் தவறவிடும். 2019 இல் வெளியான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 ஆம் பதிப்பு, தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களைந்து தேடும் வசதியைச் சேர்த்தது. எனினும் சமூக வலை மென்பொருள் தானாக இதைப் பயன்படுத்தும் என்று கொள்ளலாகாது.

வட்டாரச் சொல் மற்றொரு செய்தி. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் கரையோர மக்கள் காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அழைப்பர். முன்னறிவிப்பில் 'தென்மேற்குக் காற்று' என்றிருப்பதை இச்சொற்களாலும் குறித்து இடுபவர் ஒருவர் இருப்பின் செய்தி விரைந்து புரியும். எழுதப் படிக்க இடர்ப்படுவோருக்கு ஒலிப்பதிவாக இடும் வசதியும் வேண்டும்.

இணைப்பு அறும்போது

வழங்கி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பின், ஊரின் இணைய இணைப்பு அறுந்தவுடன் அடுத்த தெருவினருக்கும் செய்தி அனுப்ப இயலாது. வழங்கி ஊரிலேயே இருந்து, கம்பியில்லா உட்பிணையமும் இருந்தால், ஊருக்குள் சேவை தொடரும். இந்தியாவில் 2.4 கிகாகெர்ட்சு அலைப்பட்டையைக் குறித்த ஆற்றல் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 முதல் இசைவு உண்டு. வைஃபை கருவிகள் பல இதில் இயங்குகின்றன.

இதற்கு முன்னேற்பாடு இன்றியமையாதது. வெளி இணையம் இல்லாதபோது ஆள்களப் பெயருக்கு முகவரி சொல்லும் பெயர் வழங்கியும் எட்டாது. ஆகவே ஊர்ப் பிணையத்திலேயே சிறு பெயர் வழங்கி ஒன்றை அமைத்து, சேவையின் பெயருக்கு உட்பிணைய முகவரியைத் தருமாறு செய்ய வேண்டும். பிற வழங்கிகளுக்குச் செல்ல வேண்டிய இடுகைகள் வரிசையில் காத்திருக்கும். அனுப்பும் முயற்சி சிறிது காலம் திரும்பத் திரும்ப நிகழும். துண்டிப்பு நீண்டால் அவற்றுட் சில சேராமற் போகலாம்.

மின்சாரக் கணக்கு பின்வருமாறு. சிறுகணினியும் வழிச்செயலியும் சேர்ந்து 15 வாட்டு கொள்வதாகக் கருதலாம். 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணி மின்கலம் 1,800 வாட்டு-மணி கொள்வது. அதிற் பாதியைப் பயன்படுத்தி, மாற்றியில் ஏற்படும் இழப்பையும் கழித்தால், ஒரு நாளுக்கு மேல் சேவையை இயக்கலாம். மின்கலத்திலிருந்து நேர்மின்னோட்டத்தையே உரிய மின்னழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுத்தால் இழப்பு குறையும். கடற்கரையில் உப்புக் காற்று மின்னிணைப்புகளை அரிக்கும். வெள்ளம் தரைத்தளத்தை முதலில் எட்டும். பெட்டியை மேல்தளத்தில், மூடிய அறையில் வைப்பது நன்று.

ஊரிலுள்ள வழங்கி ஊரோடு அழியவும் கூடும் என்பது இதன் மறுபக்கம். மூன்று படிகள், இரு வகைச் சேமிப்பு, ஒரு படி வெளியூரில் என்பது காப்புநகலுக்கான பொது விதி. தரவுத்தளம், பயனர் இட்ட கோப்புகள், அமைப்புக் கோப்பிலுள்ள மறைச்சாவிகள் ஆகிய மூன்றும் படியெடுக்கப்பட வேண்டும். வெளியூர்ப் படி குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

நடத்துதலும் மட்டுறுத்தலும்

ஊர் என்பது முகமறிந்தோர் கூட்டம். இது சேவைக்கு வலிமையும் இடரும் ஆகும். போலிச் செய்தி இட்டவரை எல்லோரும் அறிவர் என்பதால் பொறுப்புணர்வு மிகலாம். மாறாக, முறையீடு செய்பவரும் எல்லோருக்கும் தெரிந்தவராகிவிடுகிறார். செல்வாக்குள்ளோரைக் குறித்து எழுதியவரின் இடுகையை நீக்குமாறு நிருவாகியை அவரது வீட்டு வாசலிலேயே வற்புறுத்தவும் கூடும்.

மாஸ்டடான் முதலிய மென்பொருள்களில் 'நேரடிச் செய்தி' எனப்படுவது முழுமையாக மறைக்கப்பட்டது அன்று. அது தரவுத்தளத்தில் படிக்கத்தக்க வடிவில் இருக்கும். தரவுத்தளத்தை அணுகும் உரிமையுள்ளோர் அதைக் காண இயலும். தொலைதூர நிறுவனத்தின் அறிமுகமற்ற ஊழியரைவிட, அடுத்த வீட்டு நிருவாகி தம் செய்தியைப் படிக்கக்கூடும் என்பது பயனருக்குப் பெரிய அச்சமாகலாம். இதைப் பதிவுப் பக்கத்திலேயே எளிய தமிழில் அறிவித்தல் நேர்மையாகும். மறைவான பேச்சுக்கு முனைக்கு முனை குறியாக்கமுள்ள வேறு செயலியைப் பரிந்துரைக்கலாம்.

இவற்றைக் கருதி, பின்வரும் ஏற்பாடுகள் தக்கவை:

- தொழில்நுட்ப நிருவாகியும் மட்டுறுத்துநரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தல்.
- மட்டுறுத்துநர் மூவருக்குக் குறையாமல், பெண்களும் ஊரின் எல்லாப் பிரிவினரும் இடம்பெறும்படி அமைதல்.
- நீக்கிய இடுகைக்கான காரணத்தை எழுதியவருக்குத் தெரிவித்தலும் மேல்முறையீட்டுக்கு இடமளித்தலும்.
- வரவு செலவைச் சேவையிலேயே வெளியிடல்.
- கடவுச்சொற்களையும் மீட்பு முறையையும் எழுதி, முத்திரையிட்டு, இருவரிடம் ஒப்படைத்தல்.

சிறு சேவைகள் பல, அவற்றை அமைத்தவர் வேலை மாறியோ ஊர் மாறியோ செல்லும்போது நின்றுவிடுகின்றன. மூட நேர்ந்தால் பயனர் தம் தரவைப் பதிவிறக்கவும் வேறு வழங்கிக்கு மாறவும் சில மாதக் கால இடைவெளி தருவது நல்ல மரபு. மாஸ்டடானில் பின்தொடர்வோரை வேறு வழங்கிக்கு மாற்ற இயலும்; பழைய இடுகைகள் உடன் செல்வதில்லை.

சட்டநிலை

இந்தியாவில் இத்தகைய சேவை 'இடையீட்டாளர்' என்னும் வகையில் அடங்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 79 ஆம் பிரிவு, உரிய கவனத்துடன் நடக்கும் இடையீட்டாளருக்குப் பயனர் எழுதியவற்றின் பொறுப்பிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. அந்தக் கவனம் யாது என்பதை 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட விதிகள் வரையறுக்கின்றன. விதிகளையும் தனியுரிமைக் கொள்கையையும் வெளியிடல், குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் அறிவித்தல், முறையீட்டைப் பெற்றதற்கு 24 மணி நேரத்துக்குள் ஒப்புதல் அளித்தல் ஆகியன அவற்றுட் சில. காலக்கெடுக்கள் பின்னர் திருத்தப்பட்டுள்ளமையால் நடப்பு வடிவத்தைப் பார்த்தே செயற்பட வேண்டும். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுப் பயனர் கொண்ட பெருஞ்சேவைகளுக்கு உரிய கூடுதல் கடமைகள் சிறு சேவைக்குப் பொருந்தா.

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த பணிப்புகள், குறித்த வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் காக்கவும் கோருகின்றன. மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இல் 18 வயது நிரம்பாதோர் அனைவரும் குழந்தைகள். அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு பெற வேண்டும். பள்ளிகள் நடத்தும் சேவைகள் இதை முன்னரே கருத வேண்டும்.

வரம்புகள்

உள்ளூர்ச் சேவை பெருஞ்சேவைக்கு முழு மாற்று ஆகாது. உறவினரும் வணிகரும் இருக்கும் இடத்திலேயே மக்கள் கூடுவர். வாட்சப் குழு அமைக்க ஒரு நிமிடமும் போதும். கடலில் அலைபேசிக் கோபுரத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள படகை இச்சேவை எட்டாது. அதற்கு வானொலி அலைக் கருவியும் செயற்கைக்கோள் கருவியுமே வேண்டும். வதந்தி சிறு வலையிலும் பரவும். ஆகவே எச்சரிக்கைச் செய்திகளுக்கு அரசு அறிவிப்பையே மூலமாகக் காட்டுதல் வேண்டும்.

சில நூறு பேர் கொண்ட ஊருக்கு இதன் பயன் இரண்டு: ஊர் எழுதியது ஊரிடமே எஞ்சுதல், வெளித்தொடர்பு அறுந்த நாளிலும் ஊருக்குள் பேச்சு நிலைத்தல். முதலாவது, தவறாமல் எடுக்கப்படும் காப்புநகலைச் சார்ந்தது. இரண்டாவது, அன்றாடம் பயன்படுத்திப் பழகியிருப்பதைச் சார்ந்தது. இடர் வந்தபின் நிறுவப்படும் சேவையை எவரும் தேடி வாரார். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி நாள்தோறும் அலையுயரம் சொல்லிவந்தமையாலேயே கடற்கரை மக்கள் அதற்குச் செவி கொடுத்தனர்.